தீவு போஸ்டிங்: மினிக்காயா, கார் நிக்கோபாரான்னு கம்பேர் பண்ணி பாக்குறது எப்படி

போன மாசில அக்கா மவன் ஒரு ஆப்ஷன் ஃபார்ம தூக்கிக்கிட்டு திருத்துறைப்பூண்டிக்கு வந்தான். சென்ட்ரல் கவர்மென்ட் வேலை, மூணு வருஷம் தீவுல இருக்கணும், லட்சத்தீவுல மினிக்காய், இல்லன்னா நிக்கோபார்ல கார் நிக்கோபார், ரெண்டுல ஒன்ன வெள்ளிக்கிழமைக்குள்ள டிக் அடிச்சு குடுக்கணும். போன்ல ரீல்ஸா காட்டுறான், அதுலயும் நீலக்கடல் வெள்ள மணல் தென்னமரம், இதுலயும் அதே நீலக்கடல் வெள்ள மணல் தென்னமரம். "ரெண்டும் ஒன்னாதான் இருக்கு மாமா, சீட்டு போட்டு எடுத்துரவா?"ன்னான். மேட்டூர் டேம் ஃபோட்டோவ பாத்துட்டு கடமடைக்கு தண்ணி வந்துருச்சுன்னு சொல்ற கதையால்ல இருக்கு மாப்ள, ஒக்காருன்னு சொல்லி ஒரு நோட்ட எடுத்தோம். அந்த நாலு நாள்ல நாங்க எப்படி கணக்கு போட்டோம்ங்கறதத்தான் எழுதறேன், வேற எந்த ரெண்டு தீவுக்கும் இதே முறைய வச்சுக்கலாம்.

மொதல்ல செய்ய வேண்டியது, நோட்டுல பன்னெண்டு மாசத்துக்கும் கட்டம் போடுறது. சித்திரைலேருந்து பங்குனி வரைக்கும் கீழ கீழ எழுதிக்கிட்டு ரெண்டு தீவுக்கும் தனித்தனி பத்தி, அவ்வளவுதான். ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரே ஒரு கேள்விக்கு பதில் எழுதுங்க: இந்த மாசம் கப்பல் ஒழுங்கா வருமா வராதா. நமக்கு மேட்டூர் தொறக்கற ஜூன் 12 எப்படியோ தீவுக்காரனுக்கு கப்பல் தேதி அப்படி, அதுலதான் அரிசி வருது காய்கறி வருது கேஸ் வருது லீவுல ஊருக்கு போற மனுசனும் அதுலதான் போறான். மினிக்காய் கொச்சிலேருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர், அங்க ஏர்போர்ட்டும் கெடையாது, லட்சத்தீவுக்கே அகத்தி ஒன்னுலதான் விமானம் எறங்கும். தென்மேற்கு பருவக்காத்து அரபிக்கடல்ல நேரா மோதற காலம், மே நடுவுலேருந்து செப்டம்பர் நடு வரைக்கும், மங்களூர்லேருந்தும் பேப்பூர்லேருந்தும் சரக்கு கொண்டுவர்ற மஞ்சுங்கற மரக்கப்பல் எல்லாம் நின்னுடும், பெரிய கப்பல் மட்டும் கொறச்சலா ஓடும். இன்னொன்னு, லட்சத்தீவுல பல எடத்துல கப்பல் கரைக்கு வராது, ஆழம் பத்தாம வெளியவே நிக்கும், சின்ன போட்டுக்கு மாறித்தான் எறங்கணும், கடல் கொந்தளிக்கறப்ப வயசானவங்கள அதுல ஏத்தி எறக்கறது எப்படின்னு யோசிச்சு பாத்துக்கங்க.

கார் நிக்கோபாருக்கு கணக்கு வேற. சென்னைலேருந்து போர்ட் பிளேருக்கு விமானத்துல ரெண்டு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, கப்பல்னா மூணு நாள் பக்கம். (ஊருக்கு 2024ல ஸ்ரீ விஜய புரம்னு பேர் மாத்திட்டாங்க, நம்மாளுங்க இன்னும் பழைய பேர்தான் சொல்றாங்க.) அங்கேருந்து தெக்க 270 கிலோமீட்டர், பத்து டிகிரி கால்வாய தாண்டணும், அந்த எடம் கொஞ்சம் ஆட்டிப் பாக்கும்னு போய்ட்டு வந்தவங்க எல்லாரும் சொல்றாங்க. மழை அங்க மே மாசம் ஆரம்பிச்சா டிசம்பர் வரைக்கும் விட்டு விட்டு பேயும், ஐப்பசி கார்த்திகைல நமக்கு வர்ற புயல்ல பலதும் அந்த கடல் பக்கம்தான் உருவாவுது. ஆக மினிக்காய்க்கு கெட்ட காலம் வைகாசி பொறப்புலேருந்து ஆவணி முடிய ஒரே மூச்சா நாலு மாசம், கார் நிக்கோபாருக்கு கெட்ட காலம் துண்டு துண்டா வருஷத்துல நெறைய. இந்த வித்தியாசம் எந்த ரீல்ஸ்லயும் தெரியாது, கட்டத்துல எழுதினாத்தான் கண்ணுக்கு படும்.

இந்த எடத்துல அவன் பொண்டாட்டிக்கு அப்ப அஞ்சு மாசம்ங்கறத சொல்லிடறேன். ஆனி கடைசில பிரசவம். கட்டத்துல ஆனிக்கு நேரா வெரல வச்சா மினிக்காய் பத்தில சிவப்பு மையில 'கப்பல் சந்தேகம்'னு எழுதியிருக்கு. பய மொகம் மாறிப்போச்சு.

சரி, கப்பல் வரலன்னா அங்க எது மொதல்ல தீரும்னு எப்படி தெரிஞ்சுக்கறது? இதுக்கு நாங்க போனது கொள்ளிடக்கரை. நம்ம டெல்டாவுலயே தீவு வாழ்க்கை தெரிஞ்சவங்க இருக்காங்க, 2022 ஆகஸ்ட்ல மேட்டூர்லேருந்து 2 லட்சம் கனஅடிக்கு மேல தொறந்தப்ப முதலைமேடு திட்டு, நாதல்படுகை, வெள்ளமணல்னு ஆத்துக்குள்ள இருக்கற ஊரெல்லாம் தண்ணியால சூழ்ந்து போட்டுலதான் ஆள ஏத்துனாங்க. அந்த பக்கத்துல எங்களுக்கு ஒரு ஒறவுக்கார பெரியம்மா உண்டு, அவங்கள்ட்ட கேட்டோம். அரிசி தீரலயாம், எப்பவும் போல மூட்டை இருந்துச்சாம். மொதல்ல தீர்ந்தது போன் சார்ஜ், அடுத்தது மாட்டுக்கு வைக்கோல், அதுக்கப்புறம், "சொல்றதுக்கு என்னடா, கக்கூசுக்கு போற எடம்தான்டா தீந்துபோச்சு"ன்னாங்க. சுத்தி அம்புட்டு தண்ணி கெடந்தும் குடிக்க ஒரு கொடத்துக்கு அலைஞ்சிருக்காங்க. இதுலேருந்து நாங்க எடுத்துக்கிட்டது என்னன்னா, தீவுல இருக்கறவங்களுக்கு போன் போட்டா "எல்லாம் கெடைக்குமா"ன்னு கேக்காதீங்க, "ம்ம் கெடைக்கும்"னு ஒத்த வார்த்தைல முடிச்சுடுவாங்க. "போன தடவ கப்பல் லேட்டானப்ப எது மொதல்ல தீந்துச்சு, எத்தனாவது நாள்ல தீந்துச்சு"ன்னு கேளுங்க, அப்பதான் மனுசன் வாய் தொறப்பான். மினிக்காய்ல இருந்தவர் தக்காளி வெங்காயம் முட்டைன்னு வரிசையா சொன்னாரு, கார் நிக்கோபார்காரரும் காய்கறிதான் மொதல்லன்னாரு ஆனா கீரை, பப்பாளி, கெழங்கு இதெல்லாம் வீட்டு கொல்லையில போட்டுக்கலாம் எடம் கெடக்குன்னாரு.

எடம்னு வந்துட்டதால இந்த சின்ன வகுத்தல போட்டுருங்க. மினிக்காய் 5 சதுர கிலோமீட்டர் கூட இல்ல, 2011 சென்சஸ்ல சனம் 10,447. கார் நிக்கோபார் கிட்டத்தட்ட 127 சதுர கிலோமீட்டர், சனம் 17,841. வகுத்தா மினிக்காய்ல சதுர கிலோமீட்டருக்கு 2,100 பேருக்கு மேல, கார் நிக்கோபார்ல 140 பேர். நம்ம தஞ்சாவூர் மாவட்டமே 700 சில்லறைதான். தீவுன்னா ஆளில்லாத எடம்னு நெனச்சுக்கிட்டு இருந்தவன் மினிக்காய் நம்மள விட மூணு மடங்கு நெருக்கம்னு பாத்து ஆடிப்போய்ட்டான். நெருக்கம்னா கெட்டதுன்னு அர்த்தம் இல்ல, கடை பக்கம், பள்ளிக்கூடம் பக்கம், ஏதாவது ஒன்னுன்னா ஓடியார ஆளும் பக்கம், ஆனா கெணத்துக்கு பக்கத்துலயே அடுத்த வீட்டு செப்டிக் டேங்கும் இருக்கும். அங்கதான் தண்ணி பேச்சு வருது.

தண்ணியதான் நான் ரொம்ப நேரம் நோண்டுனேன், கடமடைக்காரனுக்கு வேற என்ன வேலை. பவளத்தீவுல ஆறு குளம் எதுவும் கெடையாது, பேயற மழை மணல்ல எறங்கி அடியில இருக்கற உப்புத்தண்ணி மேல மெதந்துக்கிட்டு நிக்கும், நல்ல தண்ணி லேசு உப்புத்தண்ணி கனம் அதனால ரெண்டும் சட்டுன்னு கலக்காது. வேதாரண்யம் கோடியக்கரை பக்கம் மணல் மேட்டுல கையால ஊத்து தோண்டுனா தேங்காத்தண்ணி மாதிரி வரும், பேராசப்பட்டு ஆழமா போர் போட்டா உப்பு ஏறிடும் பாருங்க, அதே சங்கதிதான். கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா கீழ ஏறக்கொறைய 40 அடிக்கு நிக்கும்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, அப்ப மேல ஒரு அடிய மோட்டார் வச்சு உறிஞ்சிட்டா கீழேருந்து 40 அடிக்கு உப்பு மேல ஏறி வரும். அதனால வீடு பாக்கறப்ப கேக்க வேண்டியது: கெணறு வாளியா மோட்டாரா, சித்திரைல தண்ணி உப்பு கரிக்குமா, கெணத்துக்கும் கக்கூஸ் தொட்டிக்கும் எத்தன அடி, மழைத்தண்ணி புடிக்க தொட்டி எத்தன லிட்டர்.

மினிக்காய்ல குடிதண்ணிக்கு தனியா ஒரு ஏற்பாடு இருக்கு, அத செஞ்சு குடுத்தது நம்ம சென்னைல பள்ளிக்கரணைல இருக்கற தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். கடல் மேல்மட்டத்து சூடான தண்ணிய காத்து உறிஞ்சுன தொட்டிக்குள்ள விட்டா கொதிக்கற சூடு இல்லாமலே ஆவியாவும், சுமார் 350 மீட்டர் ஆழத்துலேருந்து குழாய் வழியா ஏத்துன ஜில்லு தண்ணிய வச்சு அந்த ஆவிய குளுர வச்சா உப்பில்லாத தண்ணி. 2005ல லட்சத்தீவு தலைநகர் கவரத்தில மொதல்ல வச்சாங்க, 2011ல மினிக்காய்லயும் அகத்திலயும். ஒரு நாளைக்கு 1 லட்சம் லிட்டர் எடுக்கற அளவு. கேக்க பெருசா இருக்கும், 10,447 பேருக்கு பங்கு போட்டா தலைக்கு பத்து லிட்டர் கூட வரல. குடிக்க, ஒல வைக்க சரியா போச்சு, குளிக்க தொவைக்க கெணறும் மழைத்தண்ணியும்தான். அதனால நான் அவன வீட்டுலயே ஒரு சோதனை பண்ண சொன்னேன்: ஒரு வாரத்துக்கு காலைல ரெண்டு கொடத்துல ஒரு கொடம் ஆளுக்கு பத்து லிட்டர் கணக்குல குடிக்க சமைக்க, இன்னொன்னு அடுப்படி கழுவ, குளிக்க மட்டும் தனி வாளி, பைப்ப தொடக்கூடாது. மூணாவது நாள் சாயங்காலமே பாத்திரம் கழுவற கொடம் காலி, திருட்டுத்தனமா பைப்ப தொறந்தான், அவங்கம்மா புடிச்சுட்டாங்க. பரவால்ல, அந்த மூணு நாள்லயே எங்க வீணாவுதுன்னு தெரிஞ்சுபோச்சு, அரிசி களையற தண்ணிலயும் ஷேவிங்லயும்.

கார் நிக்கோபார்ல மழை அதிகம், ஆளும் கம்மி, தண்ணி பங்கு பாத்தா கை ஓங்கிதான் இருக்கு. ஆனா அங்க வேற ஒரு வரி எழுதணும், அத எழுதறப்ப நாகப்பட்டினத்துக்காரன் யாருக்கும் கை கொஞ்சம் நிக்கும். 2004 டிசம்பர் 26 காலைல நம்ம கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டைய அடிச்ச அதே அலை அதுக்கு முன்னாடி கார் நிக்கோபார அடிச்சுட்டுத்தான் வந்துச்சு, அங்க விமானப்படை தளத்துல மட்டுமே நூறு பேருக்கு மேல போய்ட்டாங்க, கடலோர கிராமங்கள பின்னாடி உள்ள தள்ளி கட்டுனாங்க. நிலநடுக்க வரைபடத்துல நிக்கோபார் அதிக அபாயம் உள்ள மண்டலம். அதனால அங்க வீடு எடுக்கறவங்க கேக்க வேண்டியது வாடகைய இல்ல, கரைலேருந்து எவ்வளவு தூரம், மேடான எடத்துக்கு நடந்து போவ எத்தன நிமிஷம். மினிக்காய்ல ஓடறதுக்கு மேடே கெடையாது, தீவே கடலுக்கு மேல ஒரு ஆள் ரெண்டு ஆள் ஒசரம்தான், 2017ல ஓகி புயல் அந்த பக்கமா கடந்து போனப்ப லட்சத்தீவு என்ன பாடு பட்டுச்சுன்னு பேப்பர்ல பாத்திருப்பீங்க. 2018ல கஜா அடிச்சு தென்னைய எல்லாம் எழந்த ஊர்க்காரங்க நாம, தென்னை மட்டும் இருக்கற ஊர்ல புயல்னா என்னன்னு நமக்கு வெளக்க வேண்டியதில்ல.

அடுத்தது ஆஸ்பத்திரி. இதுல பெட் எத்தன டாக்டர் எத்தன பேருன்னு போர்டுல இருக்கறத எழுதாதீங்க, போஸ்டிங் காலியா கெடக்கலாம். ஒரு நெஞ்சுவலி, ஒரு சிசேரியன், ஒரு பல்வலி, இந்த மூணையும் எடுத்துக்கிட்டு ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சா எத்தன மணிக்கு வைத்தியம் கெடைக்கும்னு ரெண்டு பக்கமும் கேளுங்க. எங்க ஊர்லேருந்து திருவாரூர் மெடிக்கல் காலேஜ் ஒரு மணி நேரத்துல போய்டலாம். மினிக்காய்ல கை மீறிப்போச்சுன்னா ஹெலிகாப்டர்ல கவரத்தி, இல்ல கொச்சி, இருட்டுனா காலைல வரைக்கும் வானத்த பாத்துக்கிட்டு ஒக்காரணும். கார் நிக்கோபார்ல பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் பேர்ல மாவட்ட ஆஸ்பத்திரியே இருக்கு (அவரு அந்தமான் நிக்கோபாரோட மொத எம்.பி., பைபிள நிக்கோபாரி மொழில பேத்து எழுதுனவரு), அதுக்கு மேலன்னா ஹெலிகாப்டர்ல போர்ட் பிளேர், அங்க மெடிக்கல் காலேஜ் உண்டு. பல்வலிதான் ரெண்டு எடத்துலயும் மோசமான பதில் வந்துச்சு, அதனால போறதுக்கு முன்னாடி பல்ல பாத்துருங்க, சொத்தைய அடைச்சுட்டு போங்க, விளையாட்டுக்கு சொல்லல.

சின்ன விஷயமா தெரியும் ஆனா தெனம் ஒறைக்கறது வெளிச்சம். நாடு முழுக்க ஒரே கடிகாரம், சூரியனுக்கு அது தெரியாது. டிசம்பர்ல நம்ம ஊர்ல 5:45க்கு சூரியன் எறங்குனா கார் நிக்கோபார்ல 5 மணிக்கே எறங்கிடும், மினிக்காய்ல 6:15 ஆவும். ஆபீஸ் விட்டு வந்து கொஞ்சம் காலாற நடக்கறவன், புள்ளைய வெளிய வெளையாட விடறவன் இத யோசிக்கணும். அதுக்கு பதிலா கார் நிக்கோபார்ல விடிகாலைல அஞ்சரைக்கு முன்னாடியே வெளிச்சம், வயக்காட்டு மனுசனுக்கு அதுதான் ஒத்து வரும்.

கரன்ட் ரெண்டுலயும் முக்கியமா டீசல் ஜெனரேட்டர், டீசலும் கப்பல்லதான் வருது, எழுதிக்கங்க. இன்டர்நெட் பத்தி இப்ப பழைய பயம் வேணாம், சென்னைலேருந்து அந்தமான் நிக்கோபாருக்கு கடலடி கேபிள் 2020 ஆகஸ்ட்ல வந்துச்சு, கார் நிக்கோபாரும் அதுல சேத்தி, கொச்சிலேருந்து லட்சத்தீவு கேபிள் 2024 ஜனவரில, மினிக்காயும் உண்டு. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இருந்துட்டு வந்தவங்க சொல்ற நெட் கதைய அப்படியே நம்பாதீங்க.

பெத்தவங்க வந்து பாக்க முடியுமான்னு கட்டாயம் கேளுங்க, முக்காவாசி பேர் மறந்துடறாங்க. வேலைக்கு போறவனுக்கு ஆர்டர் இருக்கு, மத்தவங்களுக்கு லட்சத்தீவுக்கு நுழைவு அனுமதி வாங்கணும். கார் நிக்கோபார் பழங்குடி பகுதி, 1956 பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி தனி பாஸ் இல்லாம கால் வைக்க முடியாது, சும்மா சுத்திப்பாக்க வர்றேன்னு மாமனார் கெளம்பிட முடியாது. நெலம் வாங்கலாம் கடை போடலாம்ங்கற நெனப்ப ரெண்டுக்குமே ஊர்லயே விட்டுட்டு போங்க. அது அவங்க மண்ணு, நியாயம்தான்.

மனுசங்க எப்படின்னா, மினிக்காய் முழுக்க முஸ்லிம் சனம், பேசறது மாலத்தீவு மொழிக்கு ஒறவான மஹல், படிச்சவங்க மலையாளம் பேசுவாங்க, ஆம்பளைங்க நெறைய பேர் ஒலகம் பூரா கப்பல்ல வேலைக்கு போய்டறதால வீட்டையும் ஊரையும் பொம்பளைங்கதான் நடத்தறாங்க, கூத்தாநல்லூர் பக்கம் துபாய் சம்பாத்தியத்துல இருக்கற தெருவ பாத்தவனுக்கு கொஞ்சம் புரியும். லட்சத்தீவுல மதுவெலக்கு, பங்காரம் தீவு தவிர (எங்க மச்சான் ஒருத்தர் இத கேட்டதுமே அந்த பத்திய பேனாவால அடிச்சாரு, போறது அவர் இல்ல). சூரை மீன் தூண்டில்ல புடிக்கறாங்க, நாம மாசிக்கருவாடுன்னு சொல்றோமே அதுக்கு பேர் போன எடம் அது. கார் நிக்கோபார்ல பெரும்பாலும் கிறிஸ்தவங்க, கூட்டுக்குடும்பம், பன்னி வளர்ப்பு, தேங்கா. நிக்கோபாரி மொழி, ஹிந்தி ஓடும், போர்ட் பிளேர் வரைக்கும் தமிழே போதும். ராஜேந்திர சோழன் மெய்க்கீர்த்தில வர்ற மாநக்கவாரம் இந்த நிக்கோபார்தான், ராஜராஜன் புடிச்ச முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம் மாலத்தீவு பக்கம், மினிக்காய்க்கு பக்கத்து வீடு. பெரிய கோயில் கல்வெட்டு ரெண்டு தெசையையும் பாத்துட்டுத்தான் நிக்குது, ஆனா சோழன் படையோட போனான், இவன் கர்ப்பிணி பொண்டாட்டியோட போவணும்.

வியாழக்கெழம ராத்திரி நோட்டு ரொம்பி போச்சு. ஒவ்வொன்னுக்கும் மார்க்கு போட்டு கூட்டலாம்னு அவன் கால்குலேட்டர எடுத்தான், வேணாம்டான்னேன், கூட்டினா தண்ணியும் நெட்டும் ஒரே எடையாயிடும். உன்னால தாங்க முடியாத கட்டம் எது, அத மட்டும் வட்டம் போடுன்னேன். அதுவரைக்கும் ஒன்னும் பேசாம வெத்தல மடிச்சுக்கிட்டு இருந்த அவன் பொண்டாட்டி நோட்ட வாங்கி பொரட்டிட்டு, "இத்தன பேர்ட்ட கேட்டீங்களே மாமா, அங்க இருக்கற பொம்பள ஒருத்திகிட்டயாச்சும் கேட்டீங்களா?"ன்னுச்சு. கேக்கலதான். மறுநா காலைல அந்தப் பொண்ணே ரெண்டு எடத்துக்கும் போன் போட்டுச்சு, ஒரு நர்ஸ், ஒரு டீச்சரம்மா. ஒன்னரை மணி நேரம். நாங்க நாலு நாள்ல கேக்காத கேள்வி, துணி காய எத்தன நாளாவும், புள்ளைக்கு பால் பவுடர் எந்த கம்பெனி கெடைக்கும், நாப்கின் தீந்தா என்ன பண்ணுவீங்க, ராத்திரி தனியா நடந்து போவலாமா. கடைசி கேள்விக்கு மினிக்காய் டீச்சரம்மா சிரிச்சே புட்டாங்களாம், "ஏம்மா, எங்க போய்டுவாங்க, எல்லா வழியும் கடல்லதான் முடியுது"ன்னு.

மினிக்காய்க்கே டிக் அடிச்சாங்க. அவன் மட்டும் வைகாசிக்கு முன்னாடி போய் சேந்துக்கறது, புள்ள பொறந்து மழைக்காலம் முடிஞ்சு கப்பல் சீரானதும் ஐப்பசில அந்தப் பொண்ணு கொழந்தையோட போறது, காரைக்கால் எர்ணாகுளம் எக்ஸ்பிரஸ்ல திருவாரூர்ல ஏறுனா மறுநா கொச்சி, அங்கேருந்து ஒரே கப்பல். மாறி மாறி ஏறி எறங்கறது கம்மிங்கறதுதான் அது போட்ட வட்டம். கெளம்பறப்ப அவன் பெட்டில மூணு சட்டைய எடுத்து வெளிய வச்சுட்டு அந்த எடத்துல அஞ்சு கிலோ புளி, வெந்தயம், வடகம், ரெண்டு பவர் பேங்க், கெணத்து கயிறு இருபது முழம்னு அவங்கம்மா அடைச்சுட்டாங்க.